தணலுக்கும் புகைக்கும் ஏற்ற மலிவான இறைச்சி



பொங்கலுக்கு மறுநாளும், குலதெய்வத்துக்குக் கிடா வெட்டும் நாளிலும், பிள்ளைகளின் காதணி விழாவிலும் நம் வீடுகளில் இறைச்சி சமைப்பது வழக்கம். குழம்பும் வறுவலும் போதும் என்றிருந்த காலம் மாறி, தணலில் சுட்ட கறியும் புகையூட்டிய கறியும் இன்று கிராமங்களுக்கும் வந்துவிட்டன. கல்லூரியிலிருந்து விடுமுறைக்கு வரும் பிள்ளைகள் கேட்கிறார்கள். பெற்றோரும் செலவைப் பாராமல் வாங்கிக் கொடுக்கிறார்கள். எலும்பில்லாத இளங்கறியாகப் பார்த்து அதிக விலை கொடுத்து வாங்கி, எரியும் நெருப்பின் மேல் வைத்து, கடைசியில் செருப்புத் தோல் போல ஆக்கி உண்பவர்கள் பலர். விலை உயர்ந்த கறி நன்றாக வரும் என்று எண்ணுவதே இதற்குக் காரணம். நீண்ட நேரத் தணலுக்கும் புகைக்கும் ஏற்றது, கடையில் பலரும் ஒதுக்குகிற முற்றிய, மலிவான இறைச்சியே.

பயிர்ப் பாடம் நடத்துபவனுக்கு இறைச்சியில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். ஆடும் கோழியும் இல்லாத சிறு பண்ணை நம் பக்கத்தில் குறைவு. அதுவன்றி, விறகு மரமும், கறியை மென்மையாக்கும் பப்பாளியும், சுடுவதற்கு எடுத்து வைக்கும் பழைய பீப்பாயும் வயலைச் சேர்ந்தவை. அவற்றைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது.

முற்றிய கறி ஏன் மென்மையாகிறது?

விலங்கின் உடலில் அதிகம் உழைக்கும் தசைகள் கடினமாக இருக்கும். கழுத்து, முன்னங்கால், நெஞ்சு, முழங்கால் ஆகியவை நாள் முழுவதும் உடலைத் தாங்குபவை. இத்தசைகளைக் கட்டி நிறுத்தும் இணைப்புத் திசுவில் கொலாஜன் என்னும் புரதம் மிகுதியாக உள்ளது. வயது கூடக்கூட இந்தக் கொலாஜன் இழைகளின் பிணைப்பு இறுகிக்கொண்டே போகிறது. கிழ ஆட்டுக்கறி இளங்குட்டியின் கறியைவிட வேகத் தாமதமாவது இதனால்தான்.

இதே கொலாஜன் ஈரத்துடன் கூடிய சூட்டில் நெடுநேரம் இருந்தால் கரைந்து ஜெலட்டினாக மாறுகிறது. ஆட்டுக்கால் சூப்பு ஆறிய பின் பாகுபோல உறைவதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள், அது ஜெலட்டின்தான். 60 முதல் 70 டிகிரி செல்சியஸில் மெல்லத் தொடங்கும் இம்மாற்றம், கறியின் உட்புறம் 90 டிகிரியை எட்டும்போது விரைவாக நடைபெறும். ஆகவே கறியின் உட்புறம் பல மணி நேரம் மெல்லச் சூடேற வேண்டும். நெருப்பு கடுமையானால் கொலாஜன் கரைவதற்கு முன்பே தசை சுருங்கி, நீரை வெளியேற்றி, காய்ந்துவிடும்.

இளங்கறியில் கரைய வேண்டிய கொலாஜன் அதிகம் இல்லை. அதை ஐந்து மணி நேரம் புகையில் வைத்தால் உள்ள நீரும் போய் உலர்ந்துவிடும். விலை கொடுத்து வாங்கிய பொருள் வீணாவது இவ்வாறே. இளங்கறிக்குக் குறைந்த நேரமும் மிதமான தணலும் போதும்.

விலையைச் சதைக்குக் கணக்கிடுக

நம் ஊர்க் கறிக்கடைகளில் பெரும்பாலும் ஆட்டின் எல்லாப் பாகத்துக்கும் ஒரே விலைதான். தலை, கால், குடல் மட்டும் தனி. ஆகவே ‘மலிவான பாகம்’ என்று கேட்டு வாங்குவதில் கடையில் பெரிய லாபம் இல்லை. லாபம் கிடைப்பது இரண்டு வழிகளில். ஒன்று, கழிக்கப்பட்ட விலங்கை வாங்குவது. மற்றொன்று, நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து ஓர் ஆட்டை வாங்கிக் கூறு போட்டுக்கொள்வது. 20 கிலோ உயிர் எடையுள்ள ஆட்டில் சுமார் 9 முதல் 10 கிலோ கறி கிடைக்கும். அதில் கால் பங்கு வரை எலும்பு இருக்கலாம். கூறு போடும்போது எல்லாவற்றையும் துண்டு துண்டாக வெட்டிக் கலந்துவிடாமல், முன் சப்பையையும் மார்கண்டத்தையும் முழுதாக எடுத்து வைக்கச் சொல்லுங்கள். துண்டு போட்ட கறி குழம்புக்கு ஆகும். நீண்ட நேரப் புகைக்கு முழுப் பாகம் வேண்டும்.

விலையை ஒப்பிடும்போது கிலோ விலையைப் பார்க்காமல் சதைக்கு என்ன விலை ஆகிறது என்று பார்க்க வேண்டும். எடுத்துக்காட்டாக, ஆட்டுக்கறி கிலோ 800 ரூபாய் என வைத்துக்கொள்வோம். எலும்பு கால் பங்கு போனால் 750 கிராம் சதைக்கு 800 ரூபாய். அதாவது ஒரு கிலோ சதை ஏறத்தாழ 1,067 ரூபாய். முட்டைப் பண்ணையில் கழித்த கோழி ஒன்று 180 ரூபாய் என்றும், சுத்தம் செய்தபின் 1 கிலோ நின்று அதில் 600 கிராம் சதை தேறுகிறது என்றும் வைத்துக்கொண்டால், ஒரு கிலோ சதை 300 ரூபாய்தான். இந்த விலைகள் கணக்குக்காகச் சொன்னவை. உங்கள் ஊர்ச் சந்தை விலையைப் போட்டு நீங்களே பாருங்கள்.

எரிபொருளையும் கணக்கில் சேர்க்க மறவாதீர்கள். மலிவான கறி நேரத்தைக் கேட்கிறது. நேரம் கரியைக் கேட்கிறது. கரியைக் கடையில் வாங்கி ஒற்றைக் கோழியை மூன்று மணி நேரம் புகையில் வைத்தால் மிச்சம் பிடித்த பணம் அடுப்பில் போய்விடும். ஒரே மூட்டத்தில் நான்கு கோழியாவது வைக்க வேண்டும். அண்டை வீட்டாருடன் சேர்ந்து செய்வதே இதில் சிக்கனம்.

கழித்த கோழியே முதல் தேர்வு

என்னைக் கேட்டால், சிறு விவசாயிக்குப் புகையூட்ட ஏற்ற முதல் இறைச்சி முட்டைக் கோழிதான் என்பேன். நாமக்கல் வட்டாரப் பண்ணைகளில் ஏறக்குறைய 72 முதல் 80 வார வயதுக்குப் பின், முட்டை குறைந்ததும் கோழிகளைக் கழித்துவிடுகிறார்கள். இவை ஒன்றரைக் கிலோ எடைக்குச் சற்று முன்பின் இருக்கும். கறி கடினமானது, ஆனால் சுவை மிகுந்தது. கறிக்கோழியின் பஞ்சுத் தன்மையை விரும்பாதவர்களுக்கு இதன் கடி பிடிக்கும்.

இதை நேரே தணலில் வைத்தால் பல்லுக்கு வேலை கொடுக்கும். முதலில் நீரில் வேகவைத்து, பிறகு புகையூட்ட வேண்டும். கோழியை நெஞ்சுப் பக்கம் பிளந்து, கிலோவுக்கு 15 கிராம் உப்பு, மஞ்சள், இஞ்சி, பூண்டு தடவி இரவு முழுவதும் குளிர்பெட்டியில் வையுங்கள். உப்பு உள்ளே இறங்கினால் வேகும்போது கறி நீரை இழப்பது குறையும். மறுநாள் திறந்த பாத்திரத்தில் இளங்கொதியாக ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம், அல்லது குக்கரில் அழுத்தம் வந்தபின் 20 முதல் 25 நிமிடம் வேகவையுங்கள். சூடு ஆறுவதற்குள் எடுத்து, நல்லெண்ணெயும் மிளகாய்த்தூளும் தடவி, முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் புகையில் வைத்தால் போதும். வேகவைத்த நீரைக் கொட்டிவிடாதீர்கள். அது நல்ல சாறு.

ஆடும் பிறவும்

செம்மறியில் ஆறேழு வயது கடந்து, பல் தேய்ந்து, குட்டி ஈனுவது நின்ற பெட்டையைக் கழிப்பது வழக்கம். வெள்ளாட்டைவிடச் செம்மறிக்குக் கொழுப்பு சற்றுக் கூடுதல். ஆகையால் புகைக்கு அது மேல். முன் சப்பை ஒன்றரைக் கிலோ அளவு இருந்தால், 110 முதல் 120 டிகிரி சூட்டில் நான்கு முதல் ஐந்து மணி நேரம் பிடிக்கும். இரண்டரை மணி நேரம் கழித்து, அனலில் வாட்டிய வாழையிலையில் பொதிந்து நாரால் கட்டி மீண்டும் வையுங்கள். ஈரம் உள்ளேயே தங்கி, கொலாஜன் கரைய உதவும். வெள்ளாட்டுக்கு இந்தப் பொதிவு கட்டாயம். அதன் சதையில் ஊடுகொழுப்பு குறைவு. திறந்து வைத்தால் உலர்ந்துவிடும்.

வெண்பன்றி வளர்ப்போர் நம் மாநிலத்தில் உள்ளனர். பன்றியிறைச்சி பொதுவாக ஆட்டுக்கறியைவிட விலை குறைந்தது. அதன் தோள்பகுதி கொழுப்பும் இணைப்புத் திசுவும் கலந்து, புகைக்கென்றே அமைந்தது போன்றது. 2 கிலோத் துண்டுக்கு ஐந்தாறு மணி நேரம் ஆகும். நாடாப்புழு முதலியவற்றின் அபாயம் இருப்பதால் உள்ளே சிவப்பு மாறாத பன்றியிறைச்சியை உண்ணலாகாது. மாட்டிறைச்சி உண்போருக்கு நெஞ்சுக்கறியும் முழங்கால் கறியும் ஏற்றவை. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தின் பெயர் பெற்ற புகையூட்டிய கறியும் இந்த மாட்டு நெஞ்சுக்கறிதான். ஒரு காலத்தில் அங்கும் அது விலை போகாத பாகமாகவே இருந்தது.

கறிக்கோழியை மலிவாகச் சுட வேண்டுமானால் நெஞ்சுக்கறியை விட்டுவிட்டு எலும்புள்ள கால்பகுதியையும் இறக்கையையும் வாங்குங்கள். தோலும் கொழுப்பும் இருப்பதால் காய்ந்து போகாது. மிதமான தணலில் 30 முதல் 40 நிமிடம் போதும்.

பப்பாளிக்காய் ஒரு சொல்

கறி வேகாவிட்டால் பப்பாளிக்காய்த் துண்டு போடுவது நம் தாய்மார்கள் அறிந்ததே. காயின் பாலிலுள்ள பப்பைன் என்னும் நொதி புரதத்தை அறுக்கிறது. நம் பல்கலைக்கழக இரகங்களில் கோ.2, கோ.5 ஆகியவை பப்பைன் எடுப்பதற்கும் ஏற்றவை. முற்றிப் பழுக்காத காயைத் தோலுடன் அரைத்து, ஒரு கிலோ கறிக்கு இரண்டு தேக்கரண்டிக்கு மிகாமல் தடவி, ஒன்று அல்லது இரண்டு மணி நேரம் வைத்தால் போதும். இரவு முழுவதும் வைப்பது தவறு. நொதி மேற்பரப்பில்தான் வேலை செய்யும். அதிக நேரம் வைத்தால் வெளிப்புறம் கூழாகும், உள்ளே கடினம் அப்படியே இருக்கும். ஆகவே கனமான முழுச் சப்பைக்குப் பப்பாளியால் பயன் குறைவு. கம்பியில் கோத்துச் சுடும் சிறு துண்டுகளுக்கே அது உதவும்.

மலிவு என்று வாங்கக் கூடாதவை

இந்தப் பகுதியைத் தயவுசெய்து வீட்டிலுள்ள அனைவருக்கும் படித்துக் காட்டுங்கள். திடீரென இறந்த ஆட்டையோ மாட்டையோ மிகக் குறைந்த விலைக்கு அறுத்து விற்பது சில இடங்களில் நடக்கிறது. ‘நெருப்பில் வெந்தால் எல்லாம் சரியாகிவிடும்’ என்று சொல்வார்கள். அது சரியன்று. அடைப்பான் நோயால் இறந்த விலங்காயின், அதன் நுண்ணுயிர் வித்துகள் சாதாரணச் சமையல் சூட்டையும் தாங்கும். உண்பவருக்கு மட்டுமன்றி, தோலுரிப்பவருக்கும் கறியைக் கழுவும் பெண்களுக்கும் அந்நோய் தொற்றி உயிரைப் பறிக்கக்கூடும். மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத இரத்தம் கசிந்து இறந்த விலங்கைக் கீறவே கூடாது. கால்நடை மருத்துவருக்குச் சொல்லி, அவர் கூறும் முறையில் ஆழப் புதைக்க வேண்டும். ஓர் ஆட்டின் விலை போகிறதே என்ற வருத்தம் நியாயமானதுதான். ஆயினும் அந்த நட்டத்தை அண்டை வீட்டார் தலையில் கறியாக இறக்கி வைக்கலாகாது.

நோய்க்கு ஊசி போட்ட விலங்கையும், மருத்துவர் குறிப்பிட்ட நாள்கள் கழியும் முன் அறுக்கக் கூடாது. கழித்த கோழியை உயிருடன் பார்த்து வாங்குங்கள். கண் தெளிவாகவும், கொண்டை சோராமலும், மூச்சிரைப்பு இன்றியும் இருக்க வேண்டும்.

விறகும் பீப்பாயும்

புகையின் சுவை மரத்தைப் பொறுத்தது. நம் தரிசுகளை அடைத்துக்கொண்டிருக்கும் சீமைக் கருவேல் இதற்கு மிக ஏற்றது. டெக்சாஸில் கறி சுடப் பயன்படும் மெஸ்கீட் மரம் இதன் நெருங்கிய உறவு. பயிருக்குப் பகையான இம்மரத்தால் அடுப்புக்காவது நன்மை உண்டு. இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் பக்கத்து மூட்டக் கரி பெரும்பாலும் இதிலிருந்து வருவதே. கொய்யா, மா, புளி ஆகியவற்றைக் கவாத்து செய்த கிளைகளும், சவுக்கும் நல்லவை. ஆனால் அண்மையில் பூச்சிமருந்து தெளித்த கிளைகள் ஆகா. விறகு நன்றாக உலர்ந்திருக்க வேண்டும்; ஈர விறகின் வெண்புகை கறிக்குக் கசப்பும் கரியும் ஏற்றும். மெல்லிய நீலப் புகையே நல்ல புகை. தேங்காய்ச் சிரட்டை கடுஞ்சூட்டில் விரைந்து எரிவது. கம்பிக் கறிக்கு ஆகும், நெடும் புகைக்கு ஆகாது.

அரளி, எருக்கு, காட்டாமணக்கு, தில்லை ஆகியவை நச்சு மரங்கள். அவற்றை விறகாகவும், கறி கோக்கும் குச்சியாகவும் பயன்படுத்தக் கூடாது. யூகலிப்டஸ் விறகு கறிக்குத் தைல வாடை ஏற்றும். முந்திரிக் கொட்டை ஓட்டின் எண்ணெய் எரிச்சலூட்டும் புகையைத் தரும். சாயம் பூசிய பலகையும் வேண்டாம்.

அடுப்புக்குப் பணம் செலவிட வேண்டியதில்லை. செங்கல்லை நான்கைந்து வரிசை அடுக்கி, குறுக்கே இரும்புக் கம்பி வலை போட்டு, நனைத்துப் பிழிந்த கோணிச் சாக்கால் மூடிய தகரத்தை மேலே வைத்தால் போதும். தணலை ஒரு பக்கமும், கறியை மறுபக்கமும் வையுங்கள். கறியின் கீழ் ஒரு தட்டில் நீர் இருக்கட்டும். கொழுப்பு நெருப்பில் சொட்டாமல் அது தடுக்கும். சொட்டிய கொழுப்பு எரிந்து எழும் புகையில் புற்றுநோய் விளைவிக்கும் பொருள்கள் உள்ளன. வலையின் உயரத்தில் கையைப் பிடித்து எட்டு, பத்து எண்ணும்வரை தாங்க முடிந்தால் புகையூட்டும் சூடு; மூன்று எண்ணுவதற்குள் சுட்டால் சூடு அதிகம்.

பூச்சிமருந்தோ களைக்கொல்லியோ இருந்த பீப்பாயை எந்தக் காரணம் கொண்டும் அடுப்பாக்காதீர்கள். எத்தனை முறை கழுவினாலும், எரித்தாலும் அதை நம்ப முடியாது. துத்தநாகம் பூசிய வாளியும் தகடும் கூடச் சூட்டில் நச்சு ஆவி தரும். கரி அடுப்பை வீட்டுக்குள் மூட்டுவதும் உயிருக்கு ஆபத்து.

வெந்ததை அறியக் கறிக்கான வெப்பமானி இருந்தால் நல்லது. கோழியின் உட்புறம் 74 டிகிரியைத் தாண்ட வேண்டும். முற்றிய சப்பைக்கு வேறு சோதனை உண்டு: கம்பி தடையின்றி உள்ளே இறங்க வேண்டும், எலும்பைத் திருகினால் சுழல வேண்டும். மணியைப் பார்த்து எடுக்காதீர்கள்.

சேமிப்பு

புகை பட்ட கறி நாள்கணக்கில் கெடாது என்று பலர் நினைக்கின்றனர். சூட்டுடன் புகையூட்டிய கறி சமைத்த கறிதான். அன்றே உண்ண வேண்டும். மீதியை இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைத்து, ஓரிரு நாளில் நன்கு சூடாக்கி முடித்துவிட வேண்டும். கறியைக் காப்பது உப்பும் உலர்த்தலுமே. நம் உப்புக்கண்டத்தில் கொழுப்பு நீக்கிய சதையை மெல்லியதாக அரிந்து, உப்பும் மஞ்சளும் பூண்டும் பூசி, நூலில் கோத்து, கடும் வெயிலில் எடை மூன்றில் ஒரு பங்காகும் வரை காயவைப்பதன் பொருள் அதுவே. கொழுப்பு இருந்தால் சிக்குவாடை அடிக்கும். கடைகளில் கிடைக்கும் மாசிக் கருவாடும் கொழுப்புக் குறைந்த சூரை மீனை அவித்து, புகையூட்டி, பின் வெயிலில் உலர்த்தியதே. சேமிப்புக்குக் கொழுப்பற்ற கறி. உடனே உண்பதற்குக் கொழுப்புள்ள கறி என்று பிரித்துக்கொள்ளுங்கள். கடையில் வாங்கிய வெடியுப்பைக் குத்துமதிப்பாகக் கறியில் சேர்ப்பது ஆபத்து.

உப்பிட்டும் புகையூட்டியும் பதப்படுத்திய இறைச்சி புற்றுநோய் விளைவிக்கக் கூடியது என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2015-இல் வகைப்படுத்தியது. விழா நாளில் உண்பதற்கு அஞ்ச வேண்டாம், வாராவாரம் வேண்டாம். கருகிய ஓரத்தை நறுக்கி எறிந்துவிடுங்கள்.

அடுப்பு ஆறியபின் வெறும் விறகுச் சாம்பலை அள்ளி வையுங்கள். அதில் சாம்பல் சத்து உண்டு. தென்னைக்கும் வாழைக்கும் சிறிதளவு தூவலாம். களர் நிலமாயின் போடாதீர்கள், சாம்பல் காரத்தன்மை உடையது. கொழுப்பும் உப்பும் சொட்டிய பகுதியைத் தனியே ஒதுக்கிவிடுங்கள்.